பெரியம்மாவின் மாதுளம்பழம்

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் ஒரு பக்க மார்பை எடுத்த பிறகு, பெரியம்மா பெருந்துறையில் எங்கள் வீட்டுக்கு வந்து தங்கினார். புற்றுநோய் என்ற சொல்லை வீட்டில் யாரும் உச்சரிக்கவில்லை, கட்டி என்றார்கள். எனக்குக் கட்டியைப் பற்றிக் கவலை இல்லை. என் கவலையெல்லாம் மாதுளம்பழம்.

அது பெரியம்மாவுக்கு மட்டும். வெள்ளாட்டுப் பால், நெய் விட்டுக் குழைத்த பச்சரிசிச் சோறு, எல்லாம் அவருக்கே. போதாததற்கு என் வெள்ளித் தம்ளரும் அவரிடம் போயிற்று. எனக்கு வழக்கமான கம்மஞ்சோறும் கத்திரிக்காய்க் குழம்பும். அம்மா பழத்தை உதிர்க்கும்போது முத்து ஒன்றிரண்டு கீழே சிந்தும் என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். அம்மாவின் கையிலிருந்து ஒன்றும் தவறாது.

பெரியம்மாவோ என் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்.

“ஏனம்மணி, அந்தக் கத்திரிக்கா ஒரு துண்டு வெய்யேன். நாக்கு செத்துப்போச்சு.”

“கரப்பானுங்கக்கா. புண்ணு ஆறாது. மறுக்கா கட்டி வந்துபோட்டா என்ன பண்றது?”

அம்மா அசைய மாட்டார். டாக்டர் கத்திரிக்காயைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை; நன்றாகச் சாப்பிடட்டும் என்றதோடு சரி. கத்திரிக்காய் கரப்பான், அதாவது சொறியும் புண்ணும் கிளப்பும் பண்டம், புண் பட்ட உடம்புக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பத்தியம் பிசகாமல் இருந்தால் அக்கா பிழைத்துக்கொள்வார் என்று அம்மா உறுதியாக நம்பினார்.

“உன்ற மகளப் பாரு, என்ற பழத்தக் கண்ணுலயே தின்னுபோட்டா” என்று பெரியம்மா சிரிப்பார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வரும்.

ஐப்பசி மழையில் அம்மாவும் பெரியம்மாவும் மறுபடி டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தார்கள். அம்மா ஈரச் சேலையைக்கூட மாற்றாமல் அடுப்படிக்குப் போய்க் கத்திரிக்காய் நறுக்கினார். அன்று பெரியம்மாவின் தட்டில் கம்மஞ்சோறு.

“ஏனம்மணி, கரப்பான் எங்க போச்சு?”

“ஆசப்பட்டதெல்லாம் குடுக்கச் சொல்லிப்போட்டாருங்கக்கா டாக்டரு.”

பெரியம்மா அம்மாவின் முகத்தைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு தட்டை நீட்டினார்.

“அப்ப இன்னொரு கரண்டி ஊத்து. பழத்த அவளுக்குக் குடுத்துரு, பாவம்.”

முழுப் பழத்தையும் அம்மா என் கையில் வைத்தார். அப்படியும் எனக்குப் பொறாமை தீரவில்லை. ஆசைப்பட்டதையெல்லாம் கொடுக்கச் சொல்லி எனக்கு மட்டும் எந்த டாக்டரும் ஏன் சொல்வதில்லை என்று நினைத்தபடியே, ஒவ்வொரு முத்தாகத் தின்று தீர்த்தேன்.