செலக்‌ஷன் மாஸ்டர் தடவிப் பார்த்த நாய்

எங்கள் வீட்டில் முட்டை வேகும் வாசனை வந்தால் அது நாய்க்கு என்று அர்த்தம். எழுபதுகளின் கடைசியில், ஆம்பூரில், தோல் பதனிடும் ஷாப்புக்குப் பின்னால் இருந்த லைன் வீடுகளில் ஒன்றில், எனக்குப் பத்து வயதும் தங்கைக்கு ஏழு வயதுமாக இருந்த அந்தக் கோடையில், அம்மா ஏழு மாத வயிற்றோடு அடுப்படியில் உட்கார்ந்து தினம் இரண்டு முட்டை வேகவைப்பாள். நான் அவற்றை உரித்துப் பால்சோற்றில் பிசைந்து, வரிசையின் கடைசியில் இருந்த விறகுக் கொட்டகைக்குக் கொண்டுபோவேன். அம்மாவுக்கு ஒரு முட்டை வேண்டுமா என்று யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

அந்த நாய்க்கு அதுவரை ‘சொறி’ என்று பெயர். ஷாப்பில் தோலிலிருந்து சுரண்டிப் போடும் சவ்வைப் பொறுக்கித் தின்று அது வளர்ந்தது. போகிறவர் வருகிறவர் எல்லாம் அதற்கு ஓர் உதை கொடுத்துவிட்டுப் போவதை எங்கள் தெரு ஒரு கடமையாகவே செய்துவந்தது. ஒருநாள் ஷாப்பு மேனேஜர் பங்களாவின் அல்சேஷன் ஜாதி நாய் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடி, பாலாற்று மணலில் சொறியோடு திரிந்ததை இரண்டு பேர் பார்த்துவிட்டார்கள். சில வாரங்களில் சொறிக்கு வயிறு தொங்க ஆரம்பித்ததும் தெருவுக்கே புத்தி பேதலித்துவிட்டது.

அதற்குக் காரணம் என் அப்பா. அவர் ஷாப்பில் செலக்‌ஷன் மாஸ்டர். பதனிட்டு வரும் ஆட்டுத்தோலை விரலால் தடவி, மடக்கி, முதல் ரகம், இரண்டாம் ரகம், ‘ரிஜெக்ட்’ என்று பிரித்துப் போடுவது அவர் வேலை. அதை நன்றாகச் செய்தார், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பெருமை தலைக்கேறி, கத்தரிக்காயிலிருந்து கல்யாண மாப்பிள்ளை வரைக்கும் எல்லாவற்றுக்கும் அவரே தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்தார், தெருவும் கைகட்டிக் கேட்டது. அன்று அவர் நாயின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அதன் காதை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்து, வயிற்றுத் தோலை லேசாக இழுத்துவிட்டுப் பார்த்து, “எல்லாம் மேனேஜர் வூட்டு ரத்தம். தோலே சொல்லுது. ஒண்ணுகூட கம்மி ரகம் கெடையாது” என்றார். செத்த ஆட்டின் தோலைத் தடவிப் பழகிய விரல் பிறக்காத குட்டியின் அப்பனை எப்படிச் சொல்லும் என்று கேட்க அங்கிருந்த ஓர் ஆம்பிளைக்கும் வாய் வரவில்லை.

மறுநாளே சொறி ‘ராணி’ ஆகிவிட்டது. முந்தின நாள் செருப்பை வீசியவர் டீக்கடையில் பொறை ரொட்டி வாங்கிக்கொண்டு வந்தார். அந்த நாய்க்கு எப்போதும் மிச்சச் சோறு வைத்துக்கொண்டிருந்த ஒரே ஆள் பக்கத்து வீட்டு ஜமீலா அக்காதான். “நேத்துவரிக்கும் கல்லால அடிச்சீங்க, இன்னிக்கி இன்னா ராணி? ரொம்ப ஜாஸ்தியா கீதுப்பா” என்று அவர் சிரித்தது யார் காதிலும் ஏறவில்லை. ஆளுக்கொரு குட்டி என்று முன்கூட்டியே சொல்லி வைத்தார்கள். அப்பா மேனேஜருக்கே ஒரு குட்டி தருவதாகச் சொல்லிவிட்டு வந்தார். மேனேஜர் சிரித்தாராம். அது என்ன சிரிப்பு என்று புரிந்துகொள்ளும் அறிவு அப்பாவுக்கு இல்லை. அம்மாவின் வயிற்றைப் பற்றியும் அவர் அப்போதே சொல்லியிருந்தார், “இதுவும் பொட்டைதான்” என்று, நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

நான் மட்டும் என்ன, பள்ளிக்கூடத்தில் எங்கள் வீட்டுக்கு அல்சேஷன் வருகிறது என்று பீற்றிக்கொண்டு திரிந்தேன். ஆனாலும் அந்த ஒரு மாதம் ராணியை நான் உண்மையாகவே பார்த்துக்கொண்டேன். கோணியை வெயிலில் உதறிப் போடுவேன், காதுக்குள் இருந்த உண்ணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்குவேன், தண்ணீர்ச்சட்டியைக் கழுவி வைப்பேன். வயிற்றில் கை வைத்தால் உள்ளே குட்டிகள் புரளுவது தெரியும். அது என் மடியில் தலையை வைத்துக்கொண்டு கண்ணை மூடும். எனக்கு அதன்மேல் அவ்வளவு ஆசை இருந்தது.

ஒரு காலையில் ஐந்து குட்டிகள் பிறந்திருந்தன. ஐந்தும் கறுப்பும் வெள்ளையுமாக, டீக்கடை வாசலில் படுத்துக்கிடக்கும் நாயை அச்சில் வார்த்த மாதிரி இருந்தன. தெருவே கொட்டகை வாசலில் நின்றது. அப்பா ஒரு குட்டியைத் தூக்கி, பழக்கதோஷத்தில் காதைத் தேய்த்துப் பார்த்து, “ரிஜெக்ட்” என்று கீழே வைத்துவிட்டுக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டார். யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் அப்பா முகம் கறுத்து என் பக்கம் திரும்பி, “கோணில கட்டி ஆத்துல வுட்டுட்டு வா” என்றார்.

வீங்கின காலோடு அம்மா அந்த வரிசை முழுக்க நடந்து வந்தாள். அப்பாவை எதிர்த்து அவள் பேசி நான் அதுவரை கேட்டதில்லை. கொட்டகைக்கு முன்னால் நின்றுகொண்டு, “நாளைக்கி எனக்குப் பொறக்கறதையும் தடவிப் பாத்துட்டு ஆத்துல வுடச் சொல்லுவீங்களா?” என்று கேட்டாள். அப்பா ஷாப்புக்குப் போய்விட்டார். குட்டிகள் பிழைத்தன. ஆனால் அன்றைக்கே முட்டை நின்றது, பால் நின்றது, பொறை வாங்கி வந்தவர் கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஒரே வேளையில் ராணி மறுபடியும் சொறி ஆகிவிட்டது. எங்கள் தெருவின் அன்பு அவ்வளவுதான்.

அதன் பிறகு அம்மாவால் நடக்க முடியவில்லை. படுத்தபடியே, “கஞ்சி ஆத்தி வெச்சிருக்கேன், போயி ஊத்திட்டு வா. பால் குடுக்கற நாயி” என்று என்னை அனுப்பினாள். கொட்டகைக்குப் போகும் வழியில் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். “அல்சேஷனுக்கு கஞ்சி போவுது” என்று ஒருத்தி சொன்னாள், மற்றவர்கள் சிரித்தார்கள். நான் அப்படியே திரும்பி, கஞ்சியைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, காலிக் குண்டானை அம்மாவிடம் காட்டினேன். “குடிச்சிச்சா?” என்று கேட்டாள். குடித்தது என்றேன். மறுநாளும் அப்படியே செய்தேன். ஜமீலா அக்கா அந்த இரண்டு நாளும் வாணியம்பாடியில் தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்தார்.

மூன்றாம் நாள் அவர் வந்து கொட்டகையைப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டு வாசலில் நின்றார். “ரெண்டு குட்டி செத்துக் கெடக்குது. குட்டிய வுட்டு நவுராம பட்டினி கெடந்து தாய்க்கு ஒரு சொட்டு பால் இல்ல” என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, குண்டானைத் தானே எடுத்துக்கொண்டாள். பிரசவத்துக்குப் போகும் நாள்வரை என்னிடம் அதைக் கொடுக்கவே இல்லை.

அடுத்த மாதம் கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் என் சின்னத் தங்கை பிறந்தாள். பார்க்க வந்த அப்பா குழந்தையின் பக்கம் கையை நீட்டினார். அம்மா முந்தானையை இழுத்துக் குழந்தையை மூடிக்கொண்டு, “தொடாதீங்க” என்றாள்.

இப்போது அந்த ஷாப்பு இல்லை, லைன் வீடுகளை இடித்துவிட்டார்கள். விறகுக் கொட்டகை இருந்த இடத்தில் மாடி வீடு எழும்பியிருக்கிறது, அங்கே குடியிருப்பவர்கள் ரகம் எழுதிய காகிதத்தோடு நாய் வாங்குகிறார்கள். அப்பாவைக் கடைசிக் காலத்தில் குளிப்பாட்டிச் சோறூட்டியது அந்தச் சின்னத் தங்கைதான். வருகிறவர்களிடமெல்லாம், “இவ தங்கம்” என்பார். பிறக்கும் முன்பே ‘பொட்டைதான்’ என்று தள்ளியவர் அவர். அவரும் போய்விட்டார், அம்மாவும் போய்விட்டாள். அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் அந்த இரண்டு குட்டிகளைக் கொன்றது அவர் இல்லை.