பத்தரை மணிக்காரன்

லண்டனில் இருக்கும் அக்காவுக்கும் அம்மாவுக்கும் மூன்று மாதமாகக் கோபம். காரணம் தேங்காய்ப்பால். "பக்கெற் பால்மாவும் நல்லாத்தானே இருக்கு, ஏன் கிடந்து திருவுறீங்கள்?" என்று அக்கா தொலைபேசியில் கேட்டுவிட்டாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து இரண்டு பேரும் கதைப்பதில்லை.

பூவரசங்குளத்து வீட்டில் பகலில் அம்மா தனியே. எனக்கு வவுனியாவில் வேலை. அதனால் குசினியில் ஒரு கமராவைப் பூட்டி, வீட்டிலிருந்த பழைய கணினியோடு இணைத்துவிட்டேன். அதுதான் என் சேர்வர். எங்கிருந்தும் கடவுச்சொல் போட்டு அம்மாவைப் பார்க்கலாம், பேசுவதையும் கேட்கலாம். 'அக்கா' என்ற பெயரில் அக்காவுக்கும் ஒரு வழி செய்து அனுப்பினேன். "எனக்கு ஒண்டும் தேவையில்லை" என்று பதில் போட்டாள்.

அம்மா அதை நம்பவில்லை. தினமும் காலை பத்தரைக்குக் கமராவுக்கு நேரே இருந்து தேங்காய் திருவுவார். கதையெல்லாம் பூனையோடு. "பாத்தியோ, இதுதான் பால். சிலபேருக்கு மாவைக் கரைச்சாலே காணும்." பூனை பாவம், கொட்டாவி விடும்.

ஒரு நாள் அதே பூனையிடம், "உதை ஆராவது பாக்கினமோ எண்டு ஆரைக் கேக்கிறது?" என்றார். கேள்வி எனக்கு. அக்கா வந்து போகிறாளா என்று அறிய, சேர்வரின் பதிவேட்டைத் திறந்தேன்.

ஐயோ! உலகத்தில் இருக்கிற அத்தனை பொட்டும் எங்கள் வீட்டில்தான் நின்றது. பொட் என்றால் ஆளில்லாமல் தானே ஓடுகிற நிரல். ஒரு கணினிக்கு ஆயிரக்கணக்கில் வாசல்கள் உண்டு. ஒவ்வொன்றாகத் தட்டி, அட்மின், ரூட், டெஸ்ட் என்று வாய்க்கு வந்த பெயரெல்லாம் சொல்லி உள்ளே வரப் பார்த்திருக்கின்றன. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்காவை மறந்தே போனேன்.

"ஆரடா உவங்கள்? ஆமிப் பதிவுக்கு வந்தவங்களோ?" என்று அம்மா கேட்டார்.

"ஆளில்லையம்மா, மெசின்."

"ஆளெண்டால் வாசல் படலையில நிண்டு கூப்பிடும். உது என்ன பழக்கம்?" சொல்லிக்கொண்டே கணினிக்கு மேல் வேப்பிலைக் கொத்து ஒன்றை வைத்தார்.

நான் வேப்பிலையை நம்பாமல் எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றினேன். மூன்று தரம் பிழையாகப் போட்டால் அன்றைக்கு அடைப்பு. அடைபட்டவர்களின் இணைய எண்கள் மட்டும் என் கைப்பேசிக்கு வரும். அதில் ஒருவன் விடாக்கண்டன். தினமும் பத்தரைக்கு வருவான், மூன்று தரம் தட்டுவான், அடைபடுவான். மறுநாள் திரும்பவும் பத்தரைக்கு வருவான். பத்தரை மணிக்காரன் என்று பேர் வைத்தேன். "இண்டைக்கும் வாசலிலையே கலைச்சாச்சு" என்று வீட்டுக்கு வந்து பெருமையாகப் புளுகுவேன். "நாசமறுப்பான்" என்று அம்மாவும் சேர்ந்து திட்டுவார்.

கடவுச்சொல் மாற்றிய பத்தாம் நாள் அம்மா பூனையை மடியில் தூக்கி வைத்தார். "எனக்கு இப்ப ஒரு கோவமும் இல்லை. வேணுமெண்டால் எடுக்கட்டும்." அதன் பிறகு கிணற்றடிக்கும் தொலைபேசியைக் காவித் திரிந்தார். இரண்டு நாளாக ஒரு அழைப்பும் இல்லை.

"அவள் பாக்கிறேல்லையடா" என்றார் மூன்றாம் நாள். பூனையிடம் அல்ல, என்னிடம். அன்றைக்குத் தேங்காயும் திருவவில்லை.

அக்கா முன்பாவது பார்த்தாளா என்று பழைய பதிவேட்டைத் தேடினேன். ஒரு நாள் தவறாமல் பார்த்திருக்கிறாள், பத்தரைக்கு. அந்த எண்ணை எனக்கு நன்றாகத் தெரியும்; தினமும் என் கைப்பேசிக்கு வந்த அதே எண். பத்தரை மணிக்காரன் சொன்ன பெயரை அப்போதுதான் பார்த்தேன். மற்றவர்கள் நூறு பெயர் சொன்ன இடத்தில் அவன் சொன்னது ஒன்றே ஒன்று: 'அக்கா'. புதுக் கடவுச்சொல்லை நான் அவளுக்குக் கொடுக்கவேயில்லை. தேவையில்லை என்று சொன்னவள் எந்த முகத்தோடு என்னிடம் கேட்பாள்? எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"அம்மா, அந்தப் பத்தரை மணிக்காரன் அக்காதான். இவ்வளவு நாளும் தட்டியிருக்கிறாள். நான்தான் கலைச்சனான்."

அம்மா எனக்கு அடிக்கக் கை ஓங்கினார். பிறகு அந்தக் கையாலேயே தொலைபேசியை எடுத்து, தானே அழைத்தார். மணி ஒருதரம்தான் அடித்தது.

"ஏனடி, படலையில நிண்டு ஒருக்கா 'அம்மா' எண்டு கூப்பிட்டிருக்கலாமே?"

அக்கா கூப்பிட்டாள். கதிரையில் இருந்த எனக்கும் கேட்டது.