எதிர் கேலரி

கொடிக்காரர் என்றதும் ஏதோ கட்சிக்குக் கொடி பிடிக்கிறவர் என்று நினைத்துத்தான் மாமனார் பெண்ணைக் கொடுத்தார். மருமகன் அரசியலில் எங்கேயோ போய்விடுவான் என்று மனதில் ஒரு கணக்கு. கல்யாணம் முடிந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. இவர் பிடிப்பது பைக் ரேஸ் மைதானத்தில் மஞ்சள் கொடி. அதுவும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மற்ற நாள்களில் கண்ணாடிக் கடையில் கண்ணாடி வெட்டும் வேலை. மாமனார் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு தலையெழுத்து என்று விட்டுவிட்டார்.

கடையில் அவருக்கு நல்ல பெயர். அளப்பார், மறுபடியும் அளப்பார், வெட்டுக்கோலை ஒரே இழுப்பாக இழுப்பார், அடியில் விரலால் ஒரு தட்டு. கண்ணாடி கோட்டோடு பிரிந்து கையில் வந்துவிடும். பேச்சு மட்டும் கம்மி. "இவர் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வாங்கறதுக்குள்ள எனக்கு உயிர் போய் உயிர் வருது" என்று துணி தைக்கக் கொடுக்க வரும் பெண்களிடமெல்லாம் மனைவி சொல்வாள். அவள் வீட்டிலேயே தையல் மெஷின் வைத்திருந்தாள். ரேஸ் மைதானத்துப் பக்கம் அவள் தலைவைத்துப் படுத்ததில்லை. அந்தச் சத்தமே ஆகாது.

மைதானத்தில் அவர் நிற்கும் இடத்துக்கு மேட்டு வளைவு என்று பெயர். பாதை ஏறும், உச்சியில் திரும்பும், அந்தப் பக்கம் சட்டென்று இறங்கும். ஏறி வருகிற பைக்குக்காரனுக்கு அந்தப் பக்கம் என்ன கிடக்கிறது என்று தெரியாது. மேட்டுக்குக் கீழே கொடியோடு நிற்கிறவருக்கும் தெரியாது. அதனால் உச்சியில் இன்னொரு ஆள் உண்டு. இறக்கத்தில் யாராவது விழுந்தால் உச்சிக்காரர் கையைக் காட்டுவார், இவர் மஞ்சள் கொடியை ஆட்டுவார், பின்னால் வருகிறவர்கள் வேகத்தைக் குறைத்து ஒதுங்கிப் போவார்கள். ஏற்பாடு இதுதான்.

ஏற்பாடு ஒருபக்கம் இருக்கட்டும். நம்மவர் உச்சிக்காரரை நம்பி ஒருநாளும் கொடி தூக்கியதில்லை. அவர் நம்பியது எதிர் கேலரியை. இரும்புத் தூண் நட்டு, படிப்படியாகப் பலகை அடித்த பெரிய கேலரி அது. அங்கே உட்கார்ந்தால் மேட்டின் இரண்டு பக்கமும் தெரியும். இறக்கத்தில் ஒருவன் சறுக்கினால் போதும், கேலரி மொத்தமும் 'கடகட'வென்று எழுந்து நிற்கும். கூட்டம் எழுவது கண்ணின் ஓரத்தில் பட்டதுமே இவர் கை கொடியைத் தூக்கிவிடும். உச்சிக்காரர் அப்போதுதான் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்.

"உனக்கு மட்டும் எப்படிய்யா முன்னாடியே தெரியுது?" என்று மற்ற கொடிக்காரர்கள் கேட்பார்கள். சிரித்து மழுப்பிவிடுவார். சட்டப்படி கொடிக்காரர் பாதையைத்தான் பார்க்க வேண்டும். ஜனங்களைப் பார்த்துக் கொடி தூக்குகிறேன் என்று சொன்னால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அந்த ஜனங்களை அவருக்கு முகம் முகமாகத் தெரியும். எந்த பைக் போனாலும் விசில் அடிக்கிற ஒருவர். எந்த பைக் ஜெயித்தாலும் சண்டை போடுகிற அண்ணன் தம்பி. முன்வரிசையில் குடை பிடித்துக்கொண்டு ஓர் அம்மா, பின்னால் இருப்பவர்கள் கத்து கத்தென்று கத்தினாலும் குடையை மடக்கமாட்டாள். யாரோடும் இவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடையைக் காணவில்லை என்றால் அன்று முழுக்க மனது சரியாக இருக்காது.

பிறகு ஜனங்கள் குறைய ஆரம்பித்தார்கள். யாரைக் குற்றம் சொல்வது? வீட்டில் காலை நீட்டிக்கொண்டு டிவியில் பார்த்தால் வளைவுக்கு வளைவு காட்டுகிறான், விழுந்ததை மெதுவாக இன்னொரு தடவை காட்டுகிறான். மெனக்கெட்டு இங்கே வந்தால் வெயில், தூசி, கண்ணை மூடித் திறப்பதற்குள் 'விர்'ரென்று போய்விடுகிற பைக். டிக்கெட் விலையைக் கேட்டால் அந்த பைக்கே தேவலாம். அண்ணன் தம்பியில் தம்பி வருவது நின்றது. சண்டை போட ஆளில்லாமல் அண்ணனும் நின்றார். விசில் நின்றது. குடை மட்டும் கொஞ்ச நாள் தனியாக வந்துகொண்டிருந்தது, அப்புறம் அதுவும் இல்லை.

கூட்டம் இல்லாத இடத்தில் இரண்டு கொடிக்காரர் எதற்கு என்று உச்சிக்காரரை நிறுத்திவிட்டார்கள். அவர் நின்ற இடத்தில் கம்பம் நட்டு ஒரு கேமராவை மாட்டினார்கள். கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் அதிகாரி அதைப் பார்த்து வாக்கி-டாக்கியில் சொல்வார், இவர் கொடி தூக்க வேண்டும்.

போன வருஷம் ஒரு தூறல் நாளில் அது நடந்தது. சுருட்டை என்று ஒரு பையன், நன்றாக ஓட்டுவான். வேறு எந்த வீரனும் கொடிக்காரரை ஒரு கம்பமாகக்கூட மதிக்கமாட்டான். இவன் மட்டும் ரேஸ் தொடங்குவதற்கு முன் மெதுவாகச் சுற்றி வரும்போது ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, "என்ன மாமா, சௌக்கியமா?" என்று கத்திவிட்டுப் போவான். அன்றைக்கும் கத்தினான். ரேஸின் நடுவில் மேட்டைத் தாண்டிப் போய் இறக்கத்தில் சறுக்கி விழுந்தான். கேமராவின் முகத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அதிகாரிக்கு ஒன்றும் தெரியவில்லை. கேலரியில் ஒரு ஈ காக்கை இல்லை. யாரும் எழுந்திருக்கவில்லை. பின்னால் வந்த பைக்குகள் அதே வேகத்தில் மேட்டைத் தாண்டின.

பையன் பிழைக்கவில்லை. விசாரணை நடந்தது. தவறு கேமராவுடையது என்று முடித்தார்கள். கொடிக்காரரை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. ஏனென்றால் அந்த நேரத்தில் தான் எங்கே பார்த்துக்கொண்டு நின்றோம் என்பது அவருக்குத் தெரியும். பழக்கதோஷத்தில் வெறும் பலகைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதையைப் பார்த்திருந்தால் மேட்டுக்கு மேலே எழுந்த புகையாவது கண்ணில் பட்டிருக்குமோ என்னவோ. இந்த 'என்னவோ' அவரைத் தூங்கவிடவில்லை. கடையில் முதல் தடவையாக ஒரு கண்ணாடி கோணலாகப் பிரிந்தது. முதலாளி அதைச் சின்னதாக வெட்டி வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டார்.

அப்புறம்தான் அவர்கள் வர ஆரம்பித்தார்கள்.

போன மாத ரேஸ். நல்ல வெயில். கேலரி காலி. ரேஸின் நடுவில், கண்ணின் ஓரத்தில், கேலரி மொத்தமும் 'கடகட'வென்று எழுந்து நின்றது. பலகைகளின் சத்தம்கூடக் கேட்டது. கை தானாகக் கொடியைத் தூக்கிவிட்டது. முன்னால் போனவன் வேகத்தைக் குறைத்தான், பின்னால் வந்தவன் பிரேக்கைப் பிடித்துத் தடுமாறினான். இறக்கத்தில் ஒன்றுமே இல்லை. திரும்பிப் பார்த்தார், கேலரியிலும் யாரும் இல்லை.

அதிகாரி சின்ன வயசுக்காரர், கெட்டவர் இல்லை. அறைக்குக் கூப்பிட்டு நாற்காலியைக் காட்டினார்.

"அண்ணே, எதுக்குத் தூக்குனீங்க?"

"கண்ணுல தூசி விழுந்துடுச்சு சார்."

"தூசி விழுந்தா கண்ணக் கசக்கணும். கொடிய ஏண்ணே தூக்குறீங்க? பின்னாடி வந்தவன் விழுந்திருந்தா என்ன ஆயிருக்கும்? அடுத்த தடவையும் இப்படி ஆச்சுன்னா, நான் உங்கள வெச்சுக்க முடியாது. சொல்லிட்டேன்." பிறகு, "அந்தக் கேலரியையும் அடுத்த ரேஸ் முடிஞ்சதும் பிரிச்சுடறாங்க. யாரு வராங்க? பழைய இரும்புக்குப் போகுது" என்றார்.

வேலை போனால் போகட்டும். பயம் வேறு இடத்தில் இருந்தது. இனிமேல் கேலரி எழுந்தால் தூக்குவதா வேண்டாமா? தூக்கினால் வீணாக ஒருவன் தடுமாறி விழலாம். தூக்காமல் விட்டு, நிஜமாகவே ஒருவன் அந்தப் பக்கம் கிடந்தால்? இன்னொரு சுருட்டையைத் தாங்குகிற தெம்பு அவரிடம் இல்லை.

மறுநாள் சாயங்காலம் மனைவி மெஷினில் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்தில் போய் நின்றார். அவர் தானாக வந்து நின்றதே அவளுக்கு அதிசயம். மெஷினை மிதிப்பதை நிறுத்தினாள்.

"என்னங்க?"

சொன்னார். காலிக் கேலரியில் பழைய ஜனங்கள் எழுந்து நின்றார்கள் என்று மட்டும் சொன்னார். அவள் கேலி செய்வாள் என்று எதிர்பார்த்தார். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இவருக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்று பயந்துவிட்டாள்.

"செத்தவங்க ஆவியா வருவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். உசுரோட வீட்டுல உக்காந்து டிவி பாக்கறவங்க எப்படிங்க வருவாங்க?"

"அதான் எனக்கும் புரியல."

"விட்டுத் தொலைங்களேன். வேற ஆளப் பாத்துக்கட்டும்."

"வேற ஆளு வரமாட்டான். இன்னொரு கேமராவத்தான் மாட்டுவாங்க."

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "சரி. நான் வந்து அந்தக் கேலரில உக்காந்துக்கறேன். நான் எந்திரிச்சா கொடியத் தூக்குங்க. நான் உக்காந்திருந்தா, வேற யாரு எந்திரிச்சாலும் கையக் கட்டிக்கிட்டு நில்லுங்க. புரியுதா?"

"உனக்குத்தான் சத்தம் ஆகாதே."

"உங்களக் கட்டிக்கிட்டு எல்லாத்துக்கும் பழகிட்டேன். இது மட்டும் என்ன?"

அடுத்த மாத ரேஸுக்கு அவள் வந்தாள். டிக்கெட் வாங்கிக்கொண்டுதான் வந்தாள், சும்மா விட்டாலும் வரமாட்டாள். காதில் பஞ்சு. வெயிலுக்குத் தலையில் வெள்ளைத் துண்டு. மடியில் கை வேலையாக ஒரு பாவாடை, ஓரம் மடித்துத் தைக்க. அவ்வளவு பெரிய கேலரியில் நடுவரிசையில் அந்த வெள்ளைத் துண்டு ஒன்றுதான். இத்தனை வருஷத்தில் அந்தக் கேலரியில் அவருக்காக வந்து உட்கார்ந்த முதல் ஆள் அவள்தான்.

ரேஸ் தொடங்கியது. பைக்குகள் மேட்டைத் தாண்டித் தாண்டிப் போயின. நடுவில், போன மாதம் எழுந்த அதே கட்டத்தில், கேலரி 'கடகட'வென்று எழுந்தது. அவர் கை துடித்தது. திரும்பி வெள்ளைத் துண்டைத் தேடினார். அது உட்கார்ந்துதான் இருந்தது, தலையைக் குனிந்து தைத்துக்கொண்டிருந்தது. கொடியை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே அழுத்தினார். பைக்குகள் போயின. அந்தப் பக்கம் ஒன்றும் ஆகவில்லை.

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. சுருட்டை விழுந்ததும் ரேஸின் இதே கட்டத்தில்தான். அன்றைக்கு எழுந்திருக்க வேண்டியவர்கள், அன்றைக்கு வராமல் போனவர்கள், இப்போது வந்து எழுந்திருக்கிறார்கள்.

கடைசிச் சுற்றுகள். திடீரென்று வெள்ளைத் துண்டு எழுந்து நின்றது. வேறு யார் எழுந்தார்கள், எழவில்லை என்று அவர் பார்க்கவே இல்லை. கொடியைத் தூக்கி ஆட்டினார், தோள் கழன்றுவிடுகிற மாதிரி ஆட்டினார். ஏறி வந்த பைக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வேகத்தைக் குறைத்து, ஊர்ந்து மேட்டைத் தாண்டின. அதற்குப் பிறகுதான் வாக்கி-டாக்கி அலறியது. இறக்கத்தில், பாதையின் நட்டநடுவில், ஒருவன் பைக்குக்கு அடியில் கால் சிக்கிக் கிடந்தான். அத்தனை பேரும் அவனை ஒதுங்கிப் போயிருந்தார்கள். ஆள்கள் ஓடிப் போய் பைக்கைத் தூக்கியதும் நொண்டிக்கொண்டே எழுந்து நின்றான்.

"அண்ணே, நல்லவேளை அண்ணே" என்றார் அதிகாரி வாக்கி-டாக்கியில்.

ரேஸ் முடிந்ததும் கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கேலரிப் படிகளில் ஏறினார். மனைவி பாவாடையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"சரியான நேரத்துல எந்திரிச்ச. நீ மட்டும் பாக்கலேன்னா..."

"நான் எங்கங்க பாத்தேன்?" அவள் காதிலிருந்து பஞ்சை எடுத்தாள். "ஊசில நூல் கோத்துக்கிட்டிருந்தேன். முன்னாடி இருந்தவங்க எல்லாம் சடார்னு எந்திரிச்சுட்டாங்க, ஒண்ணும் தெரியல. என்னமோ ஏதோன்னுதான் நானும் எந்திரிச்சேன். அதுலயும் அந்தம்மா குடைய மடக்குவேனான்னு..."

பேச்சு அப்படியே நின்றது. குடையைப் பற்றி அவர் வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லை. இரண்டு பேரும் முன்வரிசையைப் பார்த்தார்கள். பலகைகளில் தூசி கலையாமல் கிடந்தது. இவள் உட்கார்ந்த இடம் மட்டும் துடைத்த மாதிரி இருந்தது.

கீழே ஒரு லாரி வந்து நின்றது. ஸ்பேனர்களும் கடப்பாரைகளும் இறங்கின. ஓர் ஆள் தூணைக் கையால் தட்டிப் பார்த்துவிட்டு, "சீக்கிரம் எறங்குங்கம்மா, பிரிக்கணும்" என்று குரல் கொடுத்தான்.

அவள் இறங்கவில்லை. அவருடைய சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க, இதப் பிரிச்சுட்டா அவங்கல்லாம் எங்க போய் உக்காருவாங்க?"

பின்வரிசையில் இருப்பவர்களுக்கு மறைக்காமல், அவர் அவள் பக்கத்தில் தள்ளி உட்கார்ந்தார்.