வீரையன் கேட்ட துரும்பு

வலங்கைமான் பக்கம் எங்கள் கூலிக்காரத் தெருவில் வளர்ந்தவன் வீரையன். ஆறு வயதில், திருவிடைமருதூர் தைப்பூசக் கூட்டத்தில், "இங்கயே இரு, வந்துடுறேன்" என்று உட்காரவைத்துவிட்டுப் போன அம்மா திரும்பவே இல்லை. அத்தைதான் வளர்த்தாள். கூலிப் போராட்டத்தில் போலீஸ் தடிக்கே அசராதவன், பெண்டாட்டி நீலாம்பாள் வெளியூர் நடவுக்குக் கிளம்பினால் மட்டும் நடுங்குவான்.

கல்யாணமான அடுத்த மாதம், எழுபத்தொன்றில், சாராயக் கடை திறந்தார்கள். பிடித்தது சனியன்! அவள் நடவுக்குப் போகும் நாளெல்லாம் குடித்தான். "இப்படியே குடிச்சா எங்க அம்மா வீட்டுக்குப் போயிடுவேன்" என்றாள் அவள். அந்தப் பயத்தில் இன்னும் குடித்தான். இந்தக் கிறுக்கை எங்கே போய்ச் சொல்ல?

மூன்றாம் வருஷம் நாட்டாமை காத்தானிடம் போய், "எங்களை அத்து விட்டுருங்க" என்றான். ஊர் முன்னால் புருஷனும் பெண்டாட்டியும் ஒரு வைக்கோல் துரும்பை ஆளுக்கொரு முனை பிடித்து முறித்தால் எங்கள் தெருவில் உறவு தீர்ந்தது. அவள் விட்டுப்போவதற்கு முன்னால் இவன் முந்திக்கொள்ள வேண்டுமாம்!

காத்தானுக்கு வாடை அடித்தது. "குடிச்சவன் கையில துரும்பு குடுக்க மாட்டேன். ஒரு மாசம் தொடாம இருந்துட்டு வா."

"இருந்து காட்டுறேன்" என்று வீம்பாகப் போனான். குடித்த கஞ்சியெல்லாம் வாந்தியாக வந்தது. பத்தாம் நாள் தவறினான். காத்தான் முதலிலிருந்து எண்ணச் சொன்னார். மறுபடி தவறினான். மூன்றாம் தடவைதான் தாக்குப்பிடித்தான்.

அந்த மாதம் நடவு மும்முரம். குடிக்காததால் பொழுது சாய்கையில் அவன் வாசலில் விழித்தபடி உட்கார்ந்திருந்தான். முழங்கால் வரை சேற்றோடு நீலாம்பாள் தெருமுனையில் திரும்பி வருவதைப் பார்த்தான். மறுநாளும் பார்த்தான். அதற்கு முன் ஒருநாளும் பார்த்ததில்லை. பாவி மனுஷன், அந்நேரத்தில் நினைவில்லாமல் கிடப்பான்.

மாதம் முடிந்தது. ஊர் கூடியது. நீலாம்பாள் முகம் வெளிறி நின்றாள். காத்தான் துரும்பை நீட்டினார். வீரையன் கை நீட்டவில்லை.

"வேணாங்க. இவ போனாலும் திரும்பி வர்றாங்க. எனக்குத் தெரியாமப் போச்சு."

நீலாம்பாளுக்கு அப்போதுதான் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"இத்தன நாளும் வாசல்ல கெடந்த ஒன்னை உள்ள தூக்கிப் போட்டது யாருன்னு நெனச்ச?"