வடாபாவ் வண்டிக்குப் பக்கத்து வண்டி

ஞாயிறு ஆராதனை முடிந்து கோர்படித் தமிழ்க் கோயில் வாசலில் நின்றபோதுதான் எஸ்தர் டீச்சர் போய்விட்டாள் என்று சொன்னார்கள். மாரடைப்பாம். நம் பள்ளியில் அவளோடு வேலை பார்த்த நீங்கள் எல்லோரும் அவள் சிரிப்பைப் பற்றிப் பேசுவீர்கள். ஸ்டாஃப் ரூமில் பக்கத்து நாற்காலிக்காரியான எனக்கு அது வாயில் வரவில்லை.

எஸ்தருக்குச் சீலியாக் நோய். கோதுமை துளி உள்ளே போனாலும் குடல் கெட்டுவிடும். சப்பாத்தி தின்னும் இந்த மராட்டிய ஊரில் அது பெரும்பாடு. கூட்டுப் பெருங்காயத்திலும் மாவு கலக்கிறார்கள் என்று நமக்கெல்லாம் சொன்னவள் அவள்தான். கிறிஸ்துமஸ் கேக்கை நீட்டினால், "எனக்கு வாசன போதும், என் பங்க நீங்களே தின்னுங்க" என்பாள்.

ஒரு மழைக்காலத்தில் அவளுக்கு வயிற்றுப்போக்கு பிடித்தது. நிற்கவே இல்லை. ஆள் பாதியாகிவிட்டாள். அந்த வாரம்தான், கோதுமை ரொட்டிக்குள் வடையை வைத்து விற்கும் வடாபாவ் வண்டியருகே அவள் எதையோ மென்றபடி நின்றதைப் பார்த்தேன். முதுகுப்பக்கமிருந்துதான் பார்த்தேன். ஆனாலும் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட மிதப்பு எனக்கு.

டாக்டரிடம் துணைக்குப் போனவளும் நான்தான். கோதுமை ஏதும் சாப்பிட்டீர்களா என்று அவர் கேட்டார். அவள் வாய் திறப்பதற்குள், வடாபாவ் வண்டியில் நின்றாள், நானே பார்த்தேன் என்று ஹிந்தியில் போட்டு உடைத்தேன். அவர் அவளைக் கடிந்துகொண்டதோடு சரி, பரிசோதனை எதுவும் எழுதவில்லை. வெளியே வந்ததும், "நான் தொடலக்கா" என்றாள். வாயைக் கட்ட வேண்டும் என்று நான் பிரசங்கம் செய்தேன். பிறகு ஸ்டாஃப் ரூமில் 'திருட்டுத்தீனி' என்று அவளுக்குப் பெயர் வைத்ததும் நான்தான். சிரித்தவர்களுக்கு நினைவிருக்கும்.

மழை ஓய்ந்த பிறகு வேறொரு டாக்டர் மலப் பரிசோதனை செய்யச் சொன்னார். ஜியார்டியா. அசுத்தத் தண்ணீரில் வரும், கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி. சீலியாக் உள்ளவர்களுக்கு அது தொற்றினால் அதே போக்கு, அதே இளைப்பு. கோதுமை தின்றதாகவே தோன்றிவிடும் என்றாராம். மாத்திரையில் குணமாகிவிட்டது. வீட்டார்கூட நம்பாமல் அவள் கைப்பையைச் சோதித்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

மன்னிப்புக் கேட்கப் போனேன். அவள் திட்டியிருந்தால் தேவலை.

"நீங்க பொய் சொல்லலக்கா. நான் நின்னது நெசம். பக்கத்து வண்டியில சுட்ட சோளம் வாங்கினேன். நீங்க எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

அதற்குப் பிறகும் அக்கா என்றுதான் கூப்பிட்டாள். சோறு பகிர்ந்தாள், சிரித்தாள். டாக்டரிடம் போகும்போது மட்டும் யாரையும் அழைக்கமாட்டாள்.

அடக்கத்தன்று அவள் மகள் தன் அரைகுறைத் தமிழில் சொன்னாள்: "நெஞ்சு வலின்னு அம்மா யார்கிட்டயும் சொல்லல, ஆன்ட்டி. ஆட்டோ பிடிச்சி ஆஸ்பத்திரிக்கு அகேலியாவே, தனியாவே போயிட்டாங்க."

என் வீடு அடுத்த தெருதான். எஸ்தரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த ஒரு வார்த்தை, நான் கேட்காமல் விட்டது.