மெத்தையில் ஒரு ஓட்டை

என் சின்ன அத்தைக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் மெத்தை தைப்பவன். புருவத்தில்கூடப் பஞ்சு ஒட்டியிருக்கும். அதனால் பேரே பஞ்சு என்றாகிவிட்டது. இளையவளை டயர் கடைக்காரனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவர்களுக்கு மெத்தை தைத்துக் கொடுத்தவனும் பஞ்சுதான்.

டயர் கடைக்காரன் பெண்டாட்டிமேல் கை நீட்டுகிறவன். அண்ணனிடம் சொல்வேன் என்று அவள் அழுதால், "வரட்டுமே, தலகாணியால அடிப்பானா?" என்பான். ஒருநாள் அவள் கை எலும்பையே முறித்துவிட்டான்.

செய்தி கேட்டதும் பஞ்சு துணி வெட்டும் கத்தியோடு போனான். கடைக்காரன் பின்னறையில் போர்த்திப் படுத்திருந்தான். பஞ்சு ஒரே குத்தாகக் குத்திவிட்டு, நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தான். "மச்சானைக் கொன்னுட்டேங்க" என்றான்.

தூக்குத்தான் என்று சொந்தபந்தமெல்லாம் முடிவு கட்டிவிட்டோம். அத்தை சோறு தண்ணீர் இறங்காமல் கிடந்தாள்.

பஞ்சுவுக்கு வைத்த வக்கீல்தான் அத்தையிடம் சொன்னார்: "குத்தினான், ஆளும் செத்தான். ஆனா குத்தினதாலதான் செத்தானா? அதைக் காட்டினாத்தான் கொலை. பொணத்தைக் குத்தினா கொலை ஆகாதும்மா."

ஆள் முன்னாலேயே செத்திருந்தான் என்று தங்கச்சி முதல் நாளே சொல்லியிருந்தாள்; யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கோர்ட்டில் மறுபடி சொன்னாள். சாப்பிடக் கூப்பிடப் போனாளாம். உடம்பு சில்லிட்டிருந்ததாம். போர்வையை இழுத்து மூடிவிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடினாளாம். அந்த நேரத்தில்தான் அண்ணன் வந்திருக்கிறான்.

"அண்ணனைக் காப்பாத்தப் பொய் சொல்றே" என்றார் எதிர்த்தரப்பு வக்கீல்.

"பொய் சொல்றதா இருந்தா அவன் குத்தவே இல்லைன்னு சொல்ல மாட்டேனாங்க?"

கோர்ட்டுக்கு மெத்தையும் வந்தது. கத்தி உடம்பைத் தாண்டி மெத்தை வரை இறங்கியிருந்தது; ரத்தக்கறையோ உள்ளங்கை அளவுகூட இல்லை. குத்துக்கு முன்னாலேயே மாரடைப்பில் போன உயிர் என்று பிரேதத்தை அறுத்துப் பார்த்த டாக்டரும் சொன்னார்.

கொலை இல்லை என்று தீர்ப்பாயிற்று. கொல்லப் போனதற்குச் சில வருஷம் உள்ளே இருந்தான்.

வெளியே வந்ததும் தங்கச்சி வீட்டு வாசலில் போய் நின்றான்.

"நீ இல்லேன்னா தொங்கியிருப்பேன்மா."

"நடந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். நீ கொல்லலைன்னு கோர்ட்டு சொல்லிடுச்சு. ஆனா நீ கொல்லத்தானேண்ணே வந்தே? அவரைப் பார்த்துப் பயந்தது போக, இப்ப உன்னைப் பார்த்தும் பயமா இருக்கு."

கோர்ட்டு திருப்பிக் கொடுத்த மெத்தையை வாசலில் தள்ளினாள். அவன் தலையில் வைத்துத் தூக்கி வந்தான்.

ஊருக்கெல்லாம் தைக்கிறவன், அந்த ஓட்டையை மட்டும் தைக்கவில்லை. அதன்மேல்தான் படுக்கிறான்.