நாற்பது நாள் நிற்க வேண்டிய திரி

என் கல்யாணத்துக்குக் குறுக்கே வந்தது சீதனமும் இல்லை, சொந்தக்காரரும் இல்லை. ஒரு மெழுகுதிரி. சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், ஆனால் நடந்தது அதுதான்.

சுதந்திரம் கிடைத்து மூன்று நான்கு வருடம் இருக்கும். வெள்ளைக்காரன் கொழும்பில் கொடியை இறக்கிவிட்டானே தவிர, திருகோணமலைத் துறைமுகத்தை விட்டுப் போக மனமில்லாமல் இருந்தான். நான் அவன் கப்பல் திருத்தும் டொக்யாட்டில் சாமான் எடுத்துக் கொடுக்கும் பகுதியில் கிளாக்கர். இருபத்தாறு வயது, புதுச் சைக்கிள், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. என்னைப் பற்றி எனக்கு மிகவும் நல்ல அபிப்பிராயம்.

அதே டொக்யாட்டில் தச்சுவேலைப் பகுதிக்குப் பெரியவராக இருந்தவர்தான் எங்கள் கத்தோலிக்கக் கோவிலின் மூப்பர். சுவாமியாருக்கு அடுத்தபடியாகக் கோவில் காரியங்களுக்கும் பூசைச் சாமான்களுக்கும் பொறுப்பாக இருப்பவரை நாங்கள் மூப்பர் என்போம். அவருடைய மூத்த மகளைத்தான் எனக்குப் பேசியிருந்தார்கள். பெண்ணுக்குச் சம்மதம் என்று என் அம்மா துப்பறிந்து வந்து சொல்லிவிட்டார். எனக்குச் சம்மதமா என்று யாரும் கேட்கவில்லை. அது என் முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது.

இழுபட்டது மூப்பரிடம்தான். அவர் சேட்டுப் பையில் எப்போதும் ஒரு தூக்குக்குண்டு இருக்கும். நூலில் தொங்கும் அந்தச் சின்னப் பித்தளைக் குண்டை எடுத்து, போகிற வீட்டுக் கதவு நிலையில் பிடித்துப் பார்ப்பார். சரிந்திருந்தால் வீட்டுக்காரனைப் பார்க்கும் பார்வையே வேறு. கோவிலில் பாவசங்கீர்த்தனம் கேட்கும் கூட்டை அரை விரல் சரிவுக்காக மூன்று தரம் கழற்றிப் பூட்டினார். பாவிகள் ஒரு மாதம் காத்திருந்தார்கள். அப்படிப்பட்ட மனுசன் என்னைப் பற்றி என் அம்மாவிடம் சொன்னது இதுதான்:

"தங்கச்சி, பெடியன் நல்ல கதைகாரன். கையில குடுத்த சாமானைக் குடுத்த மாதிரிக் கொண்டுவந்து சேர்க்கிற ஆளோ எண்டுதான் பாக்கவேணும்."

அது தபசுகாலம், ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்பு. கோவிலில் சுவாமியாருடைய உடுப்பு ஊதா, பீடத்துச் சீலை ஊதா. குருத்து ஞாயிறுக்கு முந்தின ஞாயிறிலிருந்து சுரூபங்களுக்கும் ஊதாப் போர்வை. அந்தோனியார் எது, சூசையப்பர் எது என்று தோளின் அகலத்தை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். கல்யாணக் கதையைக்கூட அந்த நாற்பது நாளும் சத்தமாகக் கதைக்கமாட்டார்கள். நான் காலண்டரைப் பார்த்துக்கொண்டு ஈஸ்டருக்காகக் காத்திருந்தேன். கத்தோலிக்க உலகத்தில் அந்த வருடம் என்னளவு பக்தியோடு ஈஸ்டரை எதிர்பார்த்தவன் இருந்திருக்கமாட்டான்.

அப்போதெல்லாம் பாஸ்குத் திரி மந்திரிப்பது ஈஸ்டருக்கு முந்தின நாள், பெரிய சனி விடியற்காலையில். வெளியே புது நெருப்பு மூட்டி, மந்திரித்த ஐந்து சாம்பிராணி மணிகளைக் குருசு வடிவில் அந்தப் பெரிய திரியில் பதித்து, ஏற்றி வைப்பார்கள். அன்றிலிருந்து நாற்பது நாள், ஆண்டவர் பரலோகத்துக்கு எழுந்தேறின வியாழக்கிழமை வரைக்கும், அது பீடத்தின் பக்கத்தில் தன் தண்டில் நிற்கும். அந்த வியாழன் சுவிசேஷம் வாசித்து முடிந்ததும் அணைப்பார்கள். பல வருடமாக எங்கள் கோவில் பழைய கட்டைத் திரிக்கு மேலே மெழுகு வார்த்துச் சமாளித்து வந்தது. அந்த வருடம் மூப்பர் பிடிவாதமாக நின்று கொழும்பிலிருந்து புதுத் திரி எடுப்பித்தார். நெஞ்சளவு உயரம், தேன்மெழுகு. பெரிய புதன்கிழமை காலை ரயிலில் வருகிறது என்று தகவல். போய் எடுத்துவர மூப்பர் என்னைக் கூப்பிட்டார். ஏன் என்னை என்பது எனக்கும் விளங்கியது.

ரயில் வந்தது, திரியும் வந்தது, நீளமான பலகைப் பெட்டியில், வைக்கோலுக்கு நடுவில். பெட்டி என் சைக்கிளில் எந்தப் பக்கம் கட்டினாலும் இடித்தது. வண்டில் பிடித்திருக்கலாம். அதற்கு நான் கெட்டிக்காரனாக இல்லாமல் இருந்திருக்க வேண்டும். பெட்டியை ஸ்டேசனிலேயே விட்டுவிட்டு, திரியை மட்டும் கடதாசியில் சுற்றி, சைக்கிள் பாருக்குப் பக்கத்தில் இரண்டு நுனியிலும் கயிறு போட்டுக் கட்டினேன். மார்க்கட் வரைக்கும் அது தடிபோல நேராகத்தான் இருந்தது.

மார்க்கட்டில் எனக்கொரு கூட்டாளி இருந்தான். கிண்ணியாவிலிருந்து மீன் கொண்டுவந்து விற்பவன். பள்ளிக்கூட நாளிலிருந்து பழக்கம். என்னைக் கண்டதும், "மச்சான், பிளேன் ஏத்தின கப்பல் ஒண்டு வந்து நிக்கிதாம், வா பாப்பம்" என்றான். ஐந்து நிமிசம் என்றுதான் போனோம். சைக்கிளை ஒரு சுவரில் சாத்திவிட்டு, கப்பலில் எத்தனை விமானம் என்று எண்ணி, அவன் சொன்ன கணக்கை நான் மறுத்து, நான் சொன்னதை அவன் மறுத்து, பக்கத்தில் நின்றவர்களும் சேர்ந்துகொள்ள, ஒரு மணித்தியாலம் போய்விட்டது. திரும்பி வந்தபோது சுவரில் நிழல் இல்லை. வெயில் சுள்ளென்று சைக்கிளில் அடித்துக்கொண்டிருந்தது. கடதாசியைப் பிரித்தேன். 

"இதென்னடா, இறால் மாதிரி வளைஞ்சு கிடக்கு?" என்றான் அவன்.

"சிரிக்காத. எனக்கு உயிர் போகுது."

உயிர் போகிற காரணத்தைச் சொன்னேன். பெண், தகப்பன், தூக்குக்குண்டு எல்லாம். உடனே அவனுக்கு என்னைவிட அக்கறை வந்துவிட்டது. மீன் கழுவும் பெரிய தொட்டியைத் தேய்த்துக் கழுவிச் சுடுதண்ணீர் ஊற்றினான். அதிகம் சூடில்லை, கை வைக்கக்கூடிய சூடு. திரியை அதில் ஊறவிட்டு, மீன் வெட்டும் பலகையைச் சோடா போட்டுத் தேய்த்து, அதில் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் நின்று ரொட்டிக்கு மா உருட்டுவதுபோல உருட்டினோம். நிமிர்ந்தது. பிறகு இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து மேலே ஐஸ் கொட்டினான். பின்னேரம் எடுத்துப் பார்த்தால் நேராக இருந்தது. ஆனால் மணம்! கோவிலுக்குள் கொண்டுபோனால் பூனை பின்னால் வரும். அதற்கும் அவனிடம் வழி இருந்தது. பக்கத்துக் கடையில் ஒரு போத்தல் பன்னீர் வாங்கித் திரியை மேலிருந்து கீழ்வரை துடைத்தான்.

"இனி உன்ர மாமனாருக்கு ஒண்டும் விளங்காது. போ."

மூப்பர் வீட்டு விறாந்தையில் திரியைப் படுக்க வைத்தேன். பெட்டி பாரம், பிறகு எடுக்கலாம் என்று விட்டுவந்தேன் என்று சொன்னேன். அவர் அதன் மேல் நுனியிலிருந்து அடிவரை ஒரு விரலை ஓட்டினார். மூக்கைக் கிட்டக் கொண்டுபோனார்.

"கொழும்பில இப்ப பன்னீரும் போடுறாங்களோ?"

"போடுறாங்கள் போல" என்றேன்.

அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் பெரிய வியாழன். பூசையில் குளோரியாப் பாட்டோடு மணிகளுக்கு வாய் கட்டியாகிவிட்டது. சனி குளோரியா வரைக்கும் மரக்கிலுக்கின் கரகரப்புதான். என் வாயையும் யாராவது கட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஏனென்றால் அந்த மூன்று நாளும் யாரைக் கண்டாலும் கொழும்புத் திரியின் பெருமையை அவிழ்த்துவிட்டுக்கொண்டிருந்தேன். சனி காலை அது எரிந்தபோது முன்வாங்கில் இருந்த மனுசிகள், "இந்த வருசம் திரியே பன்னீர் மணக்குது" என்று சந்தோசப்பட்டார்கள். ஊதாப் போர்வைகள் விழுந்தன, மணிகள் எல்லாம் ஒன்றாக அடித்தன, அடுத்த கிழமையே மூப்பர் சம்மதம் என்று ஆள் அனுப்பினார். நான் பிழைத்துக்கொண்டேன் என்று நினைத்தேன்.

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு பூசையில் தலையை நிமிர்த்தினேன். திரி பெண்கள் பக்கமாகச் சரிந்து நின்றது. அதிகமில்லை, மூன்று நான்கு விரல். மற்றவர்களுக்குத் தெரிந்ததோ என்னவோ, எனக்கு அது மட்டும்தான் தெரிந்தது. ஒருதரம் வளைந்த மெழுகு, சித்திரை மாதத்து வெக்கை, பக்கத்தில் கிழக்கு யன்னல். இன்னும் முப்பத்திரண்டு நாள் அது நிற்க வேண்டும்.

அதற்கடுத்த ஞாயிறு எங்களுக்கு முதல் ஓலை. கல்யாணம் கட்டப்போகிறவர்களின் பெயரை மூன்று ஞாயிறு பூசையில் கூறி, இதற்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும் என்று சுவாமியார் கேட்பார். அதைத்தான் ஓலை கூறுவது என்போம். திரி இப்போது பீடத்தின் பக்கமாகச் சரிந்து நின்றது! போன கிழமை அந்தப் பக்கம், இந்தக் கிழமை இந்தப் பக்கம். சுவாமியார் எங்கள் பெயரைக் கூறி, தடை தெரிந்தவர்கள் உண்டா என்று கேட்டு நிறுத்தினார். அந்த அமைதியில் முன்னால் நின்ற மூப்பர் இருமினார். எனக்குக் காதுக்குள் கடல் இரைந்தது. அவர் லேஞ்சியால் வாயைத் துடைத்துக்கொண்டு பேசாமல் நின்றார்.

இரண்டாம் ஓலை ஞாயிறு திரி ஆண்கள் பக்கம் சரிந்திருந்தது. நேராக நான் இருந்த வாங்கை நோக்கி. கள்ளனைத் தேடிக் கிழமைக்குக் கிழமை திரும்பி, கடைசியில் கண்டுபிடித்துவிட்டது என்றே நம்பினேன். சுவாமியார் கேட்டார், மூப்பர் இருமினார். நான் அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்தேன். என்ன நேர்த்தி என்று கேட்டால் வெட்கம்தான்: ஒரு மெழுகுதிரி. குட்டையாக.

மூன்றாம் ஓலைக்கும் இருமல் வந்தது, ஆனால் திரி ஓரளவு நேராகிவிட்டது. அதன் பிறகு வந்த ஞாயிறும் அப்படியே. அந்தோனியார் கேட்டுவிட்டார் என்று கூட்டாளியிடம் சொன்னேன். "ஐஸ் நல்ல ஐஸ் மச்சான்" என்றான் அவன்.

ஆனாலும் எனக்கு நித்திரையில்லை. வெட்டிப் பெருமைக்காரன்தான், ஆனால் ஒரு பொய்யைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு ஒருத்தியோடு ஆயுள் முழுக்கப் படுத்தெழும்ப என்னால் ஏலாது என்று தெரிந்தது. அந்தப் பெண்ணோடு நான் அதுவரை தனியாகப் பத்து வார்த்தைகூடக் கதைத்ததில்லை. ஆனால் அவள் இல்லாமல் போனால் என் கதி என்ன என்று நினைத்து நடுச்சாமத்தில் எழும்பி உட்கார்ந்துகொள்வேன். கல்யாணம் திங்கட்கிழமை. எழுந்தேறின திருநாள் அதற்கு முந்தின வியாழன்.

வியாழன் காலைப் பூசையில் சுவிசேஷம் முடிந்ததும் திரியை அணைத்தார்கள். புகை மெல்லிசாக எழும்பியது. பூசை முடிந்து சனம் போன பிறகு, பீடத்துக்குப் பின்னால் பூசை உடுப்பு வைக்கும் அறைக்குள் போனேன். மூப்பர் திரியைத் தண்டோடு கொண்டுவந்து நடுவில் நிறுத்தியிருந்தார். மகள் சுவாமியாருடைய வெள்ளை உடுப்பை மடித்து அலுமாரிக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, ஒரு விசயம் சொல்லவேணும்" என்றேன். "இந்தத் திரி கொழும்பிலயிருந்து நேராத்தான் வந்தது. வளைச்சது நான். பெட்டியை ஸ்டேசனில விட்டிட்டு, வெறுந்திரியைச் சைக்கிளில கட்டினனான். வெயிலுக்குள்ள விட்டிட்டுக் கப்பல் பாத்துக்கொண்டு நிண்டனான். பிறகு மார்க்கட்டில மீன் பலகையில வைச்சு நிமித்தினது. உங்களிட்ட மறைச்சிட்டன். இதுக்குப் பிறகு என்னை வேண்டாமெண்டால் சொல்லுங்கோ. ஊருக்கு நான் ஏதாவது காரணம் சொல்லிக்கொள்ளுறன்."

 மகள் வாயைப் பொத்திக்கொண்டு அலுமாரிப் பக்கம் திரும்பினாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிப்பு.

"அப்பா, காட்டட்டோ?"

அவர் தலையாட்டினார். அவள் தன் செபப்புத்தகத்துக்குள்ளிருந்து மடித்த கடதாசி ஒன்றை எடுத்துப் பிரித்தாள். உள்ளே ஒரு மீன் செதிள்.

"பெரிய புதன் பின்னேரமே கண்டனாங்கள். திரியின்ர அடியில ஒட்டியிருந்தது" என்றாள். "விளைமீன்."

 அவளே தொடர்ந்தாள்.

"பிறகு அது சரியத் தொடங்கினதும், சனிக்கிழமையளில பீடம் சோடிக்க வாறபோது, சுவாமியாற்ர குசினியில தண்ணி சுடவைச்சுத் துணியை நனைச்சுச் சுத்திச் சுத்தி நிமித்தினனான். முதல் சனி கூட அமத்திப்போட்டன், அங்கால சரிஞ்சிட்டுது. அடுத்த சனி இஞ்சால."

"தனியவோ?"

"இந்தப் பாரத்தைத் தனிய ஏலுமே? அடியை அப்பா பிடிச்சவர்."

நான் மூப்பரைப் பார்த்தேன். எத்தனை சனிக்கிழமை! அவர் அந்தத் திரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கும் கோலத்தை நினைத்துப் பார்த்தேன்.

"அப்ப அந்த இருமல், மாமா?"

"சளி" என்றார், முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல்.

பிறகு பையிலிருந்து தூக்குக்குண்டை எடுத்தார். திரியின் பக்கத்தில் நூலைப் பிடித்து, குண்டு ஆடி அடங்கும் வரைக்கும் பொறுத்து நின்றார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

"ஒரு விரல் சரிவு இருக்கு" என்றார்.

அரை விரலுக்காக மூன்று தரம் கழற்றிப் பூட்டிய மனுசன்.  அவர் நூலைக் குண்டில் சுற்றிப் பைக்குள் வைத்தார். என் தோளில் கையை வைத்தார்.

"இருக்கட்டும்" என்றார்.

அன்றுதான் நான் அவருக்கு முன்னால் அழுதேன். அதற்குப் பிறகு முப்பது வருடம் அவரோடு ஒரே வளவில் இருந்தேன். எத்தனையோ கதவு, யன்னல், கட்டில், கதிரைக்கு அவர் அந்த நூலைப் பிடித்ததைப் பார்த்தேன். வேறெதற்கும் அவர் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை.